முப்பத்தோராம் அறை

பாபுராவ் தெருவில்
நோயாளிகளுக்கு விடும் லாட்ஜின் மூன்றாம் மாடியில்
மாச வாடகைக்கு ஓர் அறை பிடித்து
விளையாட்டு செய்தோம், மூன்று பேர்.
உள்ளங்கையில் அடங்கும் கருவி.
இரண்டு பொத்தான், சிலுவைபோல் ஒரு கட்டை,
நாலு சாயலில் சாம்பல் நிறம்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
வாளி சுமக்கும் ஒருவன்.
நிறைந்த வாளியோடு ஒரு படி தாவுவான்,
காலி வாளியோடு மூன்று படி.
ஊற்றினால் தண்ணீர் ஏறும், பெட்டி மிதக்கும்,
பெட்டிமேல் நின்று கதவைத் தொட்டால் அடுத்த அறை.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம்
கீழே மணலைப் பார்த்துப் பார்த்து ஊறியது இது என்று
காசு போட்ட பெங்களூர்க்காரரிடம் சொன்னேன்.
பொய்.
மூன்றாம் மாடிக்கு மோட்டார் ஏற்றாத தண்ணீரை
தினமும் நான்தான் சுமந்தேன்.

நினைவகம் முப்பத்திரண்டு கிலோபைட்.
முக்தியார் அதைப் பிரித்த விதம்
ஆம்பூர்ப் பந்தியில் கறி பங்கு வைப்பதுபோல்:
இந்தத் தட்டில் ஒரு துண்டு கூடினால்
அந்தத் தட்டில் குறையும்.
தாவும் சத்தத்துக்கு இடம் போதாமல்
ஒரு சித்திரை மதியம், கரண்ட் போய்,
பனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கையில்
வானத்திலிருந்து நிலாவை எடுத்தோம்.
ஹெலன் மூன்று நாள் போட்ட நிலா.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே போய் மோர் குடித்துவிட்டு வந்தாள்.

முப்பத்தோராம் அறையை நான் வரைந்தேன்.
வரைந்துவிட்டேன், வெளியேறும் வழி
எனக்கே தெரியவில்லை.
கதவு நாலு படி உயரத்தில்.
பெட்டி கிடையாது. கிணறு ஒன்று, வாளி ஒன்று.
அழித்திருக்கலாம்.
அழகாக இருந்ததால் விட்டுவைத்தேன்.

பதினாலாம் நம்பரில் ஒருவர் இருந்தார்,
பாங்குரா பக்கம்.
மனைவிக்கு ஆபரேஷன், தேதி தள்ளித் தள்ளிப் போனது.
அவருக்குத் தமிழ் வராது. எங்களுக்கு வங்காளம்
மருந்துக்கடை போர்டில் பார்க்கும் படம்.
தூக்கமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவரிடம்
சோதனைக் கருவியைக் கொடுத்து
‘பேட்டரி தீர்ந்தா தட்டுங்க’ என்றான் முக்தியார்,
தமிழிலேயே. அவர் தலையாட்டினார்.

விடியற்காலை நாலரைக்குத் தட்டினார்.
பேட்டரி தீரவில்லை.
திரையில் முப்பத்திரண்டு என்றிருந்தது.
நாங்கள் இன்னும் கட்டாத அறை.
வெறும் இருட்டில்
வாளிக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

ரத்தப் பரிசோதனை ரசீதின் பின்பக்கம்
கட்டம் போட்டுக் காட்டினார்:
நிறைந்த வாளியோடு தாவு.
உச்சியில், விழத் தொடங்குமுன்,
காற்றிலேயே ஊற்று.
கனம் போகும்.
கால் தரையில் இருப்பதாக எங்கள் கணக்கு ஏமாறும்.
இன்னொரு தாவல்.

பிழை, என்றான் முக்தியார்,
ஒரே வரியில் அடைத்துவிடலாம்.
அடைக்க உட்கார்ந்தான். டீ ஆறியது.
அவனே இரண்டு தரம் ஆடிப் பார்த்தான்.
அப்புறம் நாற்பது வரைக்கும் எல்லா அறையையும்
காற்றில் ஊற்றத் தெரிந்தவனுக்காகவே கட்டினோம்.

பெயர்ப் பட்டியலில் அவரைச் சேர்க்கப் போனபோது
பதினாலு பூட்டியிருந்தது.
காலையிலேயே காலி பண்ணிட்டாங்க, என்றார் மேனேஜர்.
ரெண்டு பேருமா என்று கேட்க
எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.
‘நன்றி: அறை 14’ என்று போட்டோம்,
பதினோரு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது.

கருவி விற்கவில்லை. ஒரே வருஷத்தில் கம்பெனி மூடியது.
முன்பணம் கழித்து எங்கள் பங்கு
முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்.
முக்தியார் இப்போது ராணிப்பேட்டையில்
தோல் கம்பெனிக்கு பில் மென்பொருள் எழுதுகிறான்.
கரூரிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது:
பதினாலாம் அறையில் எல்லாச் சுவரையும்
முட்டிப் பார்த்துவிட்டேன் சார்,
அங்கே என்னதான் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

பதில் எழுதவில்லை.
ரசீது என்னிடம் இருக்கிறது.
கட்டத்துக்கு மேலே, வலது ஓரம், ஒரு வட்டம்.
நிலாவை எடுத்த பிறகுதானே அவர் ஆடினார்.
நிலாதான் அது, என்கிறாள் ஹெலன்.
இருக்கலாம்.
பேனா எழுதுகிறதா என்று
சுழித்துப் பார்த்ததாகவும் இருக்கலாம்.